ராசி கணிக்கும் செயலிகள்: பாகை காட்டாததை நீக்கிவிடலாம்

ஜாதகச் செயலியைத் திறந்ததும் தேட வேண்டியது ஒரே ஒரு எண்ணை: ஜனன காலத்தில் சந்திரன் நின்ற பாகை (டிகிரி), கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). "உங்கள் ராசி மகரம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஆட்டுக்கொம்பும் மீன்வாலும் உள்ள படம் ஒன்றை ஒட்டி, பாகையை எங்கேயும் காட்டாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அது சொன்ன ராசி சரியா தவறா என்று சோதிக்க வழியே இருக்காது.

இங்கே மதிப்பிடுவது நான்கு வகைச் சேவைகளை: கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் ஜாதகச் செயலிகள், கணினியில் நிறுவும் ஜோதிட மென்பொருள், 'மூன் சைன்' என்ற பெயரில் ராசி சொல்லும் மேல்நாட்டுத் தளங்கள், நட்சத்திரத்தை மட்டும் கேட்டுப் பொருத்தம் சொல்லும் பக்கங்கள். சந்திர ராசி ஒருவரின் மனப்போக்கைச் சொல்லுமா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. சாஸ்திரம் வகுத்த கணக்கை இவை ஒழுங்காகப் போடுகின்றனவா, போட்ட கணக்குக்குப் பொருந்தும் பலனைத் தருகின்றனவா என்பது மட்டுமே கேள்வி.

கணக்கில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. 1997ல் வெளியான ஸ்விஸ் எபிமெரிஸ் என்ற கணிப்பு நூலகம், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகக் கோள் அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டது. சந்திரனின் இருப்பிடத்தை ஒரு விகலைக்கும் (கலையில் அறுபதில் ஒரு பங்கு) குறைவான பிழையோடு தந்துவிடும். நல்ல மென்பொருள்கள் பலவும் இதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரே பிறந்த நேரத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு ராசி சொல்வது ஏன்? பிழை வானத்துக் கணக்கில் வருவதில்லை. அயனாம்சம், கடிகார நேரம், தேதி ஆகிய மூன்றில்தான் வருகிறது.

சந்திரனின் வேகத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. சராசரியாக ஒரு நாளைக்கு 13 பாகை 10 கலை நகர்கிறது. பூமிக்கு அருகில் வரும்போது 15 பாகையைத் தாண்டும், தொலைவில் போகும்போது 12க்குக் கீழே இறங்கும். அதனால் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ 47 மணி நேரமும் ஆகலாம், 61 மணி நேரமும் ஆகலாம். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 33 கலை, நான்கு நிமிடத்துக்கு வெறும் 2 கலை. அதே நான்கு நிமிடத்தில் லக்னம், அதாவது கிழக்கு அடிவானத்தில் உதிக்கும் புள்ளி, ஒரு பாகையைத் தாண்டிப் போய்விடும். ஆக, ராசியை மட்டும் சொல்லும் செயலி பிறந்த நேரத்தை நொடி வரைக்கும் கேட்டால் அது வெறும் பாவனை. சந்திரனுக்கு நொடி முக்கியமில்லை. தேதியும் நேர வலயமும்தான் முக்கியம்.

அயனாம்சம்: முதல் வடிகட்டி

மேல்நாட்டுத் தளங்களின் 'மூன் சைன்' சாயன முறையில் கணித்தது. வசந்த சம இரவு நாளில் சூரியன் நிற்கும் புள்ளியே அவர்களுக்கு மேஷத்தின் தொடக்கம். நம்முடையது நிரயன முறை, நட்சத்திர மண்டலத்தை ஒட்டியது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் அயனாம்சம், இன்று அது 24 பாகையைச் சற்றே தாண்டிவிட்டது. ஒரு ராசிக்கு 30 பாகை. எனவே இந்தக் காலத்தில் பிறந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல்நாட்டுத் தளம் சொல்லும் சந்திர ராசி, பஞ்சாங்கம் சொல்வதற்கு அடுத்த ராசியாக இருக்கும். தளத்தின் மேல் தவறில்லை, அவர்கள் முறை அது. அங்கே கும்பம் என்று படித்துவிட்டு, தமிழ் ராசிபலனில் கும்ப ராசிக்கான பத்தியைத் தேடுவதுதான் தவறு. ஆஸ்ட்ரோடியன்ஸ்ட் தளத்தின் விரிவான ஜாதகத் தேர்வுப் பக்கத்தில் நிரயன முறையையும் லாகிரி அயனாம்சத்தையும் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. அதை மாற்றாமல் விட்டால் வருவது சாயன ஜாதகம்.

நிரயனத்துக்குள்ளும் பிரிவுகள் இருக்கின்றன. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று கொள்ளப்பட்டது. லாகிரி, சித்திரபட்சம் என்ற பெயர்களில் புழங்குவது இதுவே. ஆண்டுக்கு 50 விகலைக்குச் சற்று மேல், அதாவது 72 ஆண்டுக்கு ஒரு பாகை என்று இது கூடிக்கொண்டே போகும். கிருஷ்ணமூர்த்தி பத்ததி என்ற ஜோதிட முறையின் அயனாம்சம் இதிலிருந்து 6 கலை அளவில் மட்டும் குறைவு. ஜோதிடர் பி.வி. ராமன் பெயரில் வழங்கும் ராமன் அயனாம்சம் ஏறத்தாழ 1 பாகை 27 கலை குறைவு.

இந்த 1 பாகை 27 கலை சின்ன வித்தியாசம் போலத் தெரியும். இருபது பேரில் ஒருவருக்கு ராசியையே மாற்றிவிடும், ஒன்பது பேரில் ஒருவருக்கு நட்சத்திரத்தை மாற்றிவிடும். அமைப்புப் பக்கத்தில் அயனாம்சத்தின் பெயரைக்கூடக் காட்டாத கைபேசிச் செயலிகள் நிறைய இருக்கின்றன. பெயரைக் காட்டாவிட்டாலும் அளவைக் காட்டினால் போதும்: 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு 23 பாகை 51 கலை என்று இருந்தால் அது லாகிரி. இரண்டையுமே மறைக்கும் செயலியை இங்கேயே கழித்துவிடலாம்.

கணினி மென்பொருளில் பி.வி.ஆர். நரசிம்ம ராவ் இலவசமாக வழங்கும் ஜகந்நாத ஹோரா இந்த விஷயத்தில் முதலிடம் பெறுகிறது. அயனாம்சத்தை வெளிப்படையாகத் தேர்ந்தெடுக்கலாம், பாகை கலை விகலை எல்லாம் தெரியும், தென்னிந்தியக் கட்டமும் உண்டு, நேர வலயத்தைக் கண்முன் வைத்து மாற்றவும் விடுகிறது. குறை என்று பார்த்தால் விண்டோஸ் கணினியில்தான் ஓடும். புதியவருக்கு அதன் திரை ஒரு காடு. ராசி பார்க்க மட்டும் வந்தவர் ஷட்பலம், அஷ்டவர்க்கம், இருபது வகை தசைகளுக்கு நடுவில் திணறிப்போவார். பழகிவிட்டால் வேறொன்று தேவைப்படாது.

எந்தச் செயலியையும் ஐந்து நிமிடத்தில் சோதிக்கும் முறை

விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை, பாராட்டு நட்சத்திரங்களையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு கிரகண நேரத்தைப் பிறந்த நேரமாகக் கொடுத்துப் பாருங்கள். முழு நிலவின் உச்சக் கணத்தில் சூரியனும் சந்திரனும் சரியாக 180 பாகை எதிரெதிரே நிற்கும். ஆகவே விடை முன்கூட்டியே தெரியும்.

2018 ஜூலை 28, அதிகாலை 1:50, இந்திய நேரம், ஊர் சென்னை. அன்றைய முழுச் சந்திர கிரகணத்தின் பௌர்ணமிக் கணம் அது. லாகிரியில் சந்திரன் மகரம் 10 பாகை 38 கலையை ஒட்டி நிற்க வேண்டும், திருவோணம் 1ஆம் பாதம் (நட்சத்திரத்தின் முதல் கால் பகுதி). சூரியன் அதே பாகை கலையில் கடகத்தில் நிற்க வேண்டும், பூசம். திருவோணத்தில் 38 கலை கழிந்திருப்பதால் சந்திர தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதமுள்ள காலம், 9 வருடம் 6 மாதம் 9 நாள் அளவில் வர வேண்டும். சில நாள் முன்பின் இருந்தால் குற்றமில்லை.

விடை வேறாக வந்தால், எப்படி வேறாகிறது என்பதே எங்கே பழுது என்று காட்டிக்கொடுத்துவிடும். கும்பம் 4 பாகை 45 கலை என்றால் சாயனக் கணிப்பு. மகரம் 12 பாகை, தசை இருப்பு 8 வருடம் 5 மாதம் என்றால் ராமன் அயனாம்சம். மகரம் 8 பாகையை ஒட்டி உத்திராடம் என்று வந்தால் கிரீன்விச் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள 5:30 மணி வித்தியாசத்தை இரண்டு முறை கழித்திருக்கிறார்கள். 13 பாகையைத் தாண்டினால் கழிக்கவே இல்லை, கொடுத்த நேரத்தைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 16 பாகைக்கு மேல் போனால் அதிகாலை 1:50ஐப் பகல் 1:50 ஆக்கிவிட்டது. தனுசு 28 அல்லது 29 பாகை, உத்திராடம் 1ஆம் பாதம் என்றால் தேதி ஒரு நாள் பின்னால் போயிருக்கிறது.

இன்னொரு சோதனை. ஊரை மட்டும் சென்னையிலிருந்து தில்லிக்கு மாற்றி, நேரத்தை அப்படியே விடுங்கள். லக்னம் மாறும், சந்திரன் அசையக் கூடாது. சில கலைகள் நகர்ந்தால், அந்த மென்பொருளில் பூமியின் மையத்திலிருந்து பார்க்காமல் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்திரன் நமக்கு மிக அருகில் இருப்பதால் இந்த இடமாறு தோற்றப் பிழை ஏறத்தாழ ஒரு பாகை வரை போகும். திருக்கணிதப் பஞ்சாங்கம் (வானில் காணும் நிலையோடு ஒத்துப்போகும்படி கணித்தது) தருவது பூமையக் கணக்கு. அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, செயலி தனக்குத்தானே முரண்படுகிறதா என்று பார்ப்பது. "கார்த்திகை 1ஆம் பாதம், ரிஷபம்" என்று ஒரு இடத்தில் அச்சாகியிருந்தால் அந்தச் செயலியை மூடிவிடலாம். கார்த்திகை முதல் பாதம் மேஷத்தின் 26 பாகை 40 கலையில் தொடங்கி 30 பாகையோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாதம்தான் ரிஷபம். ராசியை ஒரு இடத்தில் முழு எண்ணாக்கியும், பாதத்தை இன்னொரு இடத்தில் தசமத்தோடும் கணக்கிட்டால் எல்லையில் இப்படி வரும்.

நேர வலயம்: அமைதியாகக் கெடுக்கும் இடம்

கைபேசிச் செயலிகளில் பலவும் ஊரைத் தேர்ந்தெடுத்ததும் நேர வலயத்தைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. எடுத்த எண்ணைத் திரையில் காட்டுவதுமில்லை. இன்றைய தேதிக்கு அது சரியாக இருக்கும். பிறந்த தேதிக்குச் சரியா என்பதுதான் பிரச்சினை.

இந்தியாவில் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. அந்தக் காலத்துப் பிறப்பை 5:30 என்று போட்டால் சந்திரன் 33 கலை தள்ளிப்போகும். மேற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1982 ஜனவரி 1 முதல்தான் 8 மணி நேர வலயம், அதற்கு முந்தைய காலத்தில் 7:30. பிரிட்டனில் 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை குளிர்காலத்திலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாலேயே நின்றது. லண்டனில் 1970 டிசம்பரில் பிறந்தவருக்குப் பூஜ்யம் போடும் செயலி தவறு.

இலங்கைதான் மிகவும் சிக்கலானது. 1996 மே 25 அன்று வலயம் 6:30 ஆனது, அதே ஆண்டு அக்டோபர் 26 முதல் 6:00, 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடி 5:30. வரலாறு தெரிந்த செயலி இதைச் சரியாகப் போட்டுவிடும். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்த ஆண்டுகள் முழுக்கப் பழைய 5:30 நேரமே புழக்கத்தில் இருந்தது. 2001ல் கிளிநொச்சியில் பிறந்த குழந்தையின் நேரத்தைக் குறித்துவைத்தவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது. அங்கே வலயத்தைக் கையால் மாற்ற விடும் மென்பொருளே உதவும். அரை மணி நேரத்துக்கு 16 கலை, பாதத்தைப் புரட்ட அது போதும்.

ஒரு மணி நேரப் பிழையால் ராசி மாறும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவு. நட்சத்திரம் மாறும் வாய்ப்பு நூற்றில் நான்கு. பாதம் மாறுவது ஆறில் ஒன்று. "ராசி சரியாகத்தானே வருகிறது" என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் தசை. சுக்கிரனின் நட்சத்திரங்களான பரணி, பூரம், பூராடத்தில் பிறந்தவருக்கு 800 கலைக்கு 20 வருடம். ஒரு கலைக்கு 9 நாள். 33 கலை தவறினால் தசை இருப்பில் பத்து மாதம் போய்விடும், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தசையும் அதன் உட்பிரிவான புத்தியும் அதே பத்து மாதம் தள்ளி விழும். வருடத்துக்கு 365.25 நாள் எடுக்கிறதா 360 நாள் எடுக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அறுபது வயதில் அந்த ஒரு வித்தியாசமே 315 நாள்.

ரேவதி முடிந்து அசுவினி தொடங்கும் இடம், ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கும் இடம், கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் இடம் ஆகிய மூன்றும் தனி. அங்கே ராசியும் நட்சத்திரமும் ஒரே புள்ளியில் முடிகின்றன. ஒரு கலை முன்னால் என்றால் மீனம், ரேவதி, புதன் தசை சில நாள். ஒரு கலை பின்னால் என்றால் மேஷம், அசுவினி, கேது தசை முழு 7 வருடம். சந்திரன் இந்த எல்லைகளிலிருந்து ஒரு பாகைக்குள் இருந்தால் "பிறந்த நேரத்தைச் சரிபார்க்கவும்" என்று எச்சரிக்க வேண்டியது செயலியின் கடமை. அப்படி எச்சரிப்பவை அரிது. மற்றவை துளியும் தயங்காமல் நாற்பது பக்கப் பலனை அடித்துக் கொடுத்துவிடுகின்றன.

பழைய ஜாதகக் குறிப்பிலிருந்து தகவலை ஏற்றும்போது வரும் தவறு தனி ரகம். நம் வழக்கில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். புதன்கிழமை அதிகாலை 2 மணிக்குப் பிறந்தவருக்குக் குறிப்பில் செவ்வாய்க்கிழமை என்றும் அன்றைய தமிழ்த் தேதியும் இருக்கும். அந்தத் தமிழ்த் தேதிக்கு நேரான ஆங்கிலத் தேதியை எடுத்து 2:00 என்று போட்டால் 24 மணி நேரம் பின்னால் போய்விடும், சந்திரன் ஒரு முழு நட்சத்திரம் நழுவும். உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து எண்ணியது) எழுதியிருந்தால் இன்னும் நல்லது: ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், அன்றைய உதயத்தோடு கூட்டினால் கடிகார நேரமும் சரியான தேதியும் கிடைக்கும். தமிழ்ச் செயலிகள் சிலவற்றில் நாழிகையாகவே உள்ளிடும் வசதி இருக்கிறது, பாராட்ட வேண்டிய ஏற்பாடு. "இரவு 12:30" என்பதைப் பகலா இரவா என்று கேட்டு உறுதிசெய்யும் செயலிக்கும் ஒரு மதிப்பெண் கூடுதல்.

வாக்கியமா திருக்கணிதமா

இரண்டையும் தரும் செயலிகள் உண்டு. தேர்வு பயனருடையது, சண்டை போட இங்கே இடமில்லை. ஆனால் வித்தியாசம் எங்கே வரும் என்று தெரிந்திருப்பது நல்லது. வாக்கிய முறையில் (மனப்பாடமாக வந்த பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது) சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், 248 நாளுக்கு ஒரு சுற்று. சந்திரன் பூமிக்கு அருகே வந்து போகும் சுழற்சி ஒன்பது முறை முடிய அத்தனை நாள் ஆகும். அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இந்தக் கணக்கு வானத்தோடு நன்றாகவே பொருந்தும், கிரகணத்தைக் கணிக்க உதவிய முறை அல்லவா. அஷ்டமியை ஒட்டிய நாட்களில், சூரியனின் ஈர்ப்பால் சந்திரனுக்கு வரும் கூடுதல் விலகல்கள் இதில் சேராததால், இரண்டு பாகைக்கு மேலும் வேறுபடலாம். அஷ்டமி, நவமியில் பிறந்தவருக்கு இரு பஞ்சாங்கத்தில் இரு நட்சத்திரம் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மோசமான செயலிகள் இரண்டையும் கலந்துவிடுகின்றன. ஜாதகம் திருக்கணிதம், பெயர்ச்சிப் பலன் வாக்கியம். சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. தனுசு ராசிக்காரருக்கு ஏழரைச் சனி எப்போது முடிந்தது என்று கேட்டால், ஒரே செயலியின் ஜாதகப் பக்கம் ஒரு தேதியும் பலன் பக்கம் பதினோரு மாதம் தள்ளி இன்னொரு தேதியும் சொன்னால் எதை வைத்துக்கொள்வது?

ராசி குணங்கள் என்ற பகுதி

இதில்தான் எல்லாச் சேவைகளும் மதிப்பெண் இழக்கின்றன, ஓரளவு நல்லவையும் சேர்த்து. முதல் அடையாளம்: ராசியின் பெயருக்குக் கீழே "மார்ச் 21 முதல் ஏப்ரல் 19 வரை" என்று தேதி போட்டிருந்தால் அந்தப் பத்தி மேல்நாட்டுச் சூரிய ராசிக்காக எழுதியது. சந்திர ராசிக்குத் தேதி வரம்பே கிடையாது. மாதத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு ராசியையும் சந்திரன் சுற்றி வந்துவிடுகிறது. "சித்திரையில் பிறந்ததால் மேஷ ராசி" என்பதும் அதே குழப்பத்தின் தமிழ் வடிவம், அங்கே மேஷத்தில் இருப்பது சூரியன்.

சந்திரன் மனோகாரகன், மாதுர்காரகன்: மனத்துக்கும் தாய்க்கும் உரியவன். அவன் நின்ற ராசிக்குப் பலன் எழுதுமுன் பார்க்க வேண்டியவை என்று ஒரு வரிசை இருக்கிறது: வளர்பிறையா தேய்பிறையா, அந்த ராசியின் அதிபதி எங்கே நிற்கிறான், லக்னத்துக்கு அது எத்தனையாவது வீடு, யாருடைய பார்வை, யாருடைய சேர்க்கை. ரிஷபத்தில் 3 பாகையில் பரம உச்சம், விருச்சிகத்தில் 3 பாகையில் பரம நீசம், கடகம் ஆட்சி. இதில் ஒன்றையும் தொடாமல், "ரிஷப ராசிக்காரர்கள் கலை ஆர்வம் மிக்கவர்கள்" என்று ஆரம்பிக்கும் பத்தி அச்சுத்தாளுக்கு வீண் செலவு.

ரிஷபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை 2, 3, 4ஆம் பாதம், ரோகிணி நான்கு பாதமும், மிருகசீரிடம் 1, 2ஆம் பாதம். முதலாமவருக்குச் சூரிய தசையில் பிறப்பு, அடுத்தவருக்குச் சந்திர தசை, மூன்றாமவருக்குச் செவ்வாய் தசை. நாற்பது வயதில் மூவரும் வேறு வேறு தசையில் இருக்கக்கூடும். மூவருக்கும் ஒரே ஆண்டுப் பலனை அனுப்பும் சேவை நட்சத்திரத்தைக் கணக்கிட்டது எதற்கு என்று தெரியவில்லை.

யோகப் பட்டியலையும் கவனமாகப் படிக்க வேண்டும். சந்திரனுக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10ஆம் வீட்டில்) குரு இருந்தால் கஜகேசரி என்று செயலிகள் பொன்னிற எழுத்தில் அறிவிக்கின்றன. பன்னிரண்டு வீட்டில் நான்கு கேந்திரம், அதாவது மூன்றில் ஒருவருக்கு இது இருக்கும். குருவின் பலத்தையும் சந்திரனின் பலத்தையும் சொல்லாமல் அறிவித்தால் மதிப்பில்லை. மறுபக்கம், சந்திரனுக்கு 2லும் 12லும் கிரகம் இல்லாவிட்டால் உடனே கேமத்துருமம் என்ற கெட்ட யோகம் என்று பயமுறுத்தல். அதற்கு நிவர்த்தி விதிகள் பல இருக்கின்றன. அவற்றைச் சோதிக்காமல் பரிகாரப் பொத்தானை நீட்டும் செயலி வியாபாரம் செய்கிறது, அவ்வளவுதான்.

சந்திராஷ்டம நினைவூட்டல் மட்டும் நிஜமாகவே பயனுள்ள வசதி, ஒழுங்காகச் செய்தால். சந்திரன் நம் ராசிக்கு எட்டாம் ராசியில், மகர ராசிக்கென்றால் சிம்மத்தில், இருக்கும் காலம் அது, திருவோணத்துக்குப் பதினேழாவது நட்சத்திரமான பூரம் அதன் நடுப்பகுதி. தொடக்கம் மாலை 4 மணிக்கு என்றால் காலையிலேயே எச்சரிக்கை வரக் கூடாது, முடிவு நள்ளிரவு என்றால் மறுநாள் முழுவதும் சிவப்புக் குறி நிற்கக் கூடாது. மணியும் நிமிடமும் காட்டும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தன் ஊர் நேரத்துக்கு அது மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும், பல செயலிகள் இந்திய நேரத்தையே அனுப்பிக்கொண்டிருக்கும்.

பொருத்தப் பக்கங்களும் பெயர் ராசியும்

பத்துப் பொருத்தமும் சந்திரனை வைத்துத்தான்: தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதில் ராசி, ராசியதிபதி, வசியம் மூன்றுக்கும் ராசி தெரிய வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் கேட்கும் பக்கம் ராசியை எப்படி அறியும்? கார்த்திகை, மிருகசீரிடம், புனர்பூசம், உத்திரம், சித்திரை, விசாகம், உத்திராடம், அவிட்டம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் இரண்டு ராசிகளில் பிரிந்து கிடப்பவை. இவற்றுக்குப் பாதம் கேட்காத பக்கம் ஏதோ ஒரு ராசியைத் தானாக வைத்துக்கொள்கிறது. சோதிக்க மிருகசீரிடம் என்று கொடுத்துப் பாருங்கள். பாதம் கேட்காமல் விடை வந்தால் அந்த மூன்று பொருத்தங்களையும் ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் படிக்கலாம். ரஜ்ஜு, வேதை போன்றவை நட்சத்திரத்தை மட்டும் பொறுத்தவை, அவை தப்பிவிடும்.

பிறந்த நேரம் தெரியாதவர்களுக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து ராசி சொல்லும் வசதி பல செயலிகளில் உண்டு. 108 பாதங்களுக்கும் எழுத்து வகுத்த அட்டவணை அது. தமிழ் எழுத்தில் அதை அப்படியே ஏற்றியவர்கள் ஒரு பெரிய ஓட்டையை விட்டுவிட்டார்கள். மிருகசீரிடம் 4ஆம் பாதத்துக்கும் 'கி', அவிட்டம் 2ஆம் பாதத்துக்கும் 'கி'. முன்னது வல்லொலி, பின்னது கீதா, கிரிஜா என்னும்போது வரும் மெல்லொலி. ஒன்று மிதுனம், மற்றது மகரம். அட்டவணையை மேலிருந்து தேடும் செயலி முதலில் கிடைத்த மிதுனத்திலேயே நின்றுவிடும். கீதா என்று தட்டிப் பார்த்தால் மகரம் வர வேண்டும். ஒலியைக் கேட்டு உறுதிசெய்யும் செயலி இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இந்த வசதியைத் தொடாமலிருப்பதே நலம். கையில் பிறந்த ஆங்கிலத் தேதி மட்டும் இருந்தால் அந்தத் தேதி தொடங்கும் நள்ளிரவுக்கும் முடியும் நள்ளிரவுக்கும் சந்திர ராசி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நேரம் தெரியாமலேயே ராசி உறுதி. ஒரு ராசியில் சந்திரன் இரண்டே கால் நாள் இருப்பதால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இப்படியே விடை கிடைத்துவிடும்.

தேர்வு என்று கேட்டால்: ராசி, நட்சத்திரம், தசை இருப்பு மூன்றையும் ஜகந்நாத ஹோராவில் ஒருமுறை கணித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாதவர் மேலே சொன்ன கிரகணச் சோதனையில் தேறிய கைபேசிச் செயலி எதையாவது பயன்படுத்தலாம். தினசரிச் சந்திராஷ்டமத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் கைபேசி போதும். கட்டணம் கட்டி நாற்பது பக்கப் பலன் வாங்குவதற்குக் காரணம் தெரியவில்லை. அச்சிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் முதல் பக்கத்தில் இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்: பிறந்த தேதி, கடிகார நேரம், எடுத்துக்கொண்ட நேர வலயம், அயனாம்சத்தின் பெயரும் அளவும், வாக்கியமா திருக்கணிதமா, சந்திரன் பாகை கலை, பாதம், கர்ப்பச்செல் (பிறக்குமுன்பே கழிந்த பகுதி) போக தசை இருப்பு, தசைக்கு எடுத்த வருட அளவு.